காசக் கிருமியின் தாயாதிகள்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சீமையில் இருப்பவர்களுக்கு வேறு பேச்சே பிடிப்பதில்லை. வெளியூர் அன்பர்கள் குற்றாலத்துக்கு வந்து அருவியில் தலையைக் கொடுத்து நின்றுவிட்டு, அந்தச் சுகத்தோடேயே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சில மைல் வடக்கே, மலையடிவாரத்தில், அச்சன்புதூர் என்று ஓர் ஊர் இருப்பதை அவர்கள் அறிய நியாயமில்லை. அந்நாட்களில் அவ்வூர் வயல்களில் கார் நடவு நடந்துகொண்டிருக்கும். முழங்கால் வரை சேற்றில் நின்று நாற்று நடும் பெண்களும், வாய்க்காலில் மடை திருப்பும் ஆடவர்களும், ஈரக் காற்றுமாக ஊரே நீருக்குள் இருப்பது போலத் தோன்றும்.

இந்த நீரையும் சேற்றையும் பற்றித்தான் இன்று நான் பேசப்போகிறேன். ஆனால், அழகைப் பற்றி அல்ல. அவற்றில் குடியிருக்கும் ஒரு நுண்ணுயிர்க் குலத்தைப் பற்றி.

இதற்கு என்னைத் தூண்டியவர் எங்கள் தெருவில் இருந்த ஓர் ஆச்சி. இளமை முதல் பீடி சுற்றியவர். விறகடுப்பின் முன் ஐம்பது ஆண்டு இருந்தவர். நடுவயதில் அவருக்குக் காசநோய் கண்டு, மருந்துண்டு, குணமாயிற்று. பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் இருமல், இளைப்பு, மாலையில் காய்ச்சல். சளியைச் சோதித்தார்கள்; கண்ணாடிச் சில்லில் சிவப்புக் கோல்களாகக் கிருமிகள் தெரிந்தன. பழைய நோய் திரும்பிவிட்டது என்று மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதம் சென்றது. இருமல் போகவில்லை, கிருமியும் போகவில்லை. ஆச்சி மருந்தை ஒழுங்காக விழுங்கவில்லை என்று ஒருவர் கடிந்துகொண்டார். மருந்துக்கு அடங்காத காசம் என்று இன்னொருவர் ஐயுற்றார். வீட்டில் அவருடைய தம்ளரும் தட்டும் தனியே வைக்கப்பட்டன. பேரப்பிள்ளைகள் மடியில் ஏறுவது நின்றது. பிறகு ஒருநாள் சளியைப் பெரிய ஊருக்கு அனுப்பி, கிருமியை வளர்த்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஆச்சிக்கு இருந்தது காசமே அன்று. காசக் கிருமியின் தாயாதி ஒன்று அவர் நுரையீரலில் குடியேறியிருந்தது.

தாயாதி என்று நான் சொல்வது வெறும் அலங்காரம் அன்று. 1882ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24ஆம் நாள், பெர்லின் நகரத்தில் ராபர்ட் காக் என்னும் அறிஞர் காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டதாக அறிவித்தார். அக்கிருமியின் மேல்தோல் மெழுகு போன்றது. சிவப்புச் சாயம் ஒருமுறை ஏறிவிட்டால் அமிலத்தில் கழுவினாலும் போகாது. இந்தக் குணத்தைக் கொண்டுதான் இன்றளவும் சளியில் அதைத் தேடுகிறோம். ஆனால் காக்குக்குப் பின் வந்தவர்கள் சில ஆண்டுகளிலேயே ஒரு சங்கடத்தைக் கண்டார்கள். அமிலத்துக்கு அசையாத கோல்கள் காசநோயாளியின் சளியில் மட்டும் இல்லை. புல்லில் இருந்தன, மண்ணில் இருந்தன, குழாய் நீரில் இருந்தன. 1903ஆம் ஆண்டு ஃபிரீட்மான் என்பவர் கடலாமையின் நுரையீரலிலேயே ஒன்றைக் கண்டார். சாயத்தைப் பார்த்து மட்டும் இவற்றைக் காசக் கிருமியிலிருந்து பிரிக்க முடியாது. அண்ணனும் தம்பியும் ஒரே நிறத்துச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்தில் நிற்பது போலத்தான்.

அடுத்த ஐம்பது ஆண்டுகள் இவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. சளியை வளர்க்கும்போது இவை முளைத்தால், தூசியோ தண்ணீரோ கலந்துவிட்டது என்று சொல்லிக் குப்பையில் கொட்டுவதே ஆய்வுக்கூடத்து வழக்கம். அப்படிக் கொட்டியவற்றில் எத்தனை பேருடைய நோய் இருந்ததோ!

இந்த அலட்சியம் கலைந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. ஸ்டிரெப்டோமைஸின், பாஸ், ஐஸோநியாஸிட் ஆகிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காசநோயாளிகள் குணமடையத் தொடங்கினார்கள். அப்போதுதான் குணமடையாத சிலர் தனியே கண்ணுக்குத் தெரிந்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகுதானே ஆற்றில் பாறை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது! 1953ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கான்ஸாஸ் நகரத்து நோயாளிகளிடம், வெளிச்சம் பட்டால் மஞ்சள் நிறமாகும் ஒரு கிருமியைப் பூலரும் போலக்கும் விவரித்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் பாட்டி என்னும் பெயருடைய ஆஸ்பத்திரியில் நிறமற்ற இன்னொன்று பல நோயாளிகளிடம் அகப்பட்டது. நம் ஊர்ப் பாட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது ஒரு மனிதர் பெயர். அந்தப் 'பாட்டிக் கிருமி' நம் கதையில் மறுபடியும் வரும். நேயர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 1959ஆம் ஆண்டு எர்னஸ்ட் ரன்யன், நிறத்தையும் வளரும் வேகத்தையும் கொண்டு, இத்தாயாதிகளை நான்கு கூட்டங்களாக வகுத்தார். இன்று இக்குலத்தில் 190க்கு மேற்பட்ட இனங்கள் எண்ணப்படுகின்றன. இவற்றைக் காசமல்லாத மைக்கோபாக்டீரியங்கள் என்கிறார்கள். 'அல்லாத' என்று சொல்லித்தான் ஒரு குலத்துக்கே பெயர் வைக்கவேண்டியிருக்கிறது. அதிலிருந்தே அதற்குக் கிடைத்த மரியாதை விளங்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தத் தாயாதிகளின் சரித்திரத்தில் மிகப் பெரிய அத்தியாயம் எழுதப்பட்டது தமிழ்நாட்டு மண்ணில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சென்னைச் சேத்துப்பட்டில் 1956ஆம் ஆண்டு காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்திய முயற்சி அது. அதற்குமுன் காசத்துக்கு மருந்தென்றால் நல்ல காற்றும் நல்ல உணவும் நீண்ட ஓய்வுமே. 1928ஆம் ஆண்டு டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் தொடங்கிய ஆரோக்கிய நிலையம் அந்த நம்பிக்கையில் எழுந்தது. சேத்துப்பட்டில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆரோக்கிய நிலையத்திலும், மற்றொரு பிரிவினரை அவரவர் குடிசையிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். குடிசையில் இருந்தவர்களுக்கு உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. 1959ஆம் ஆண்டு வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. ஆரோக்கிய நிலையங்களின் காலம் அதோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

மருந்து கிடைத்தது. ஆனால் நோய் வராமலே தடுக்க முடியாதா? அதற்கு ஏற்பட்டதுதான் பி.ஸி.ஜி. என்னும் தடுப்பூசி. 1921ஆம் ஆண்டு பிரான்ஸில் கால்மெத், கெரான் ஆகிய இருவர் அளித்தது. 1948ஆம் ஆண்டு சென்னைக் கிண்டியில் இதைத் தயாரிக்கும் கூடம் ஏற்பட்டு, பின்னர் நாடெங்கும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஊசி குத்தினார்கள். மூதறிஞர் ராஜாஜி 1955ஆம் ஆண்டு இதைக் கடுமையாக எதிர்த்து, ஒரு சிறு நூலே வெளியிட்டார். அவருடைய வாதங்கள் எல்லாமே விஞ்ஞானத்துக்குப் பொருந்தியவை என்று நான் சொல்லமாட்டேன். உயிருள்ள கிருமியைக் குழந்தையின் உடலில் செலுத்தலாகாது என்ற அவருடைய அச்சம் மிகையானது. ஆனால், இத்தனை கோடிப் பேருக்குக் குத்துவதற்குமுன் அது இந்த நாட்டில் பலிக்கிறதா என்று நிச்சயித்துக்கொண்டோமா என்ற கேள்வி, யார் கேட்டாலும் நியாயமான கேள்விதான். அன்று அதற்குத் தக்க விடை இல்லை. இங்கிலாந்தில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய சோதனையில், பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளிடையே ஐந்தில் நான்கு பங்கு நோயை அது தடுத்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் அதே ஆண்டு தொடங்கிய சோதனையிலோ நூற்றுக்குப் பதினான்கு பங்குதான் தடுத்தது. ஒரே ஊசிக்கு இரண்டு தீர்ப்பு!

இந்த வழக்கைத் தீர்க்க 1968ஆம் ஆண்டு அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவில் ஒரு பெருஞ்சோதனை தொடங்கிற்று. அந்தப் பகுதியின் பெரும்பாகம் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது. திருவள்ளூர் நகரமும், அதைச் சுற்றிய இருநூறுக்கு மேற்பட்ட கிராமங்களும், மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்களும் அதில் அடங்கினார்கள். 1971ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 2,80,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. அதில் யாருக்கு மெய்யான மருந்து, யாருக்கு வெறும் நீர் என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. மருந்திலும் இரண்டு வகை. ஒன்று டென்மார்க்கில் பேணிய வகை, மற்றொன்று பாரிஸில் பேணியது. அவையே அன்று உலகில் வீரியம் மிக்கவை என்று தேர்ந்தெடுக்கப்பட்டவை. பிறகு இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை முழு ஜனத்தொகையையும் தேடிச் சென்று நோய் கண்டவர்களைக் கணக்கெடுத்தார்கள். வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக ஏறி இறங்கிய அந்தக் களப்பணியாளர்களையும், நம்பிக் கை நீட்டிய கிராமத்தாரையும் எண்ணும்போது எனக்கு வியப்பே மேலிடுகிறது. இவ்வளவு பெரிய சோதனை காசத் தடுப்பூசிக்கு அதற்குமுன் உலகில் வேறெங்கும் நடந்ததில்லை.

ஏழரை ஆண்டுக்குப்பின், 1979ஆம் ஆண்டு, முடிவு வெளியாயிற்று. நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவேயில்லை. மெய்மருந்து பெற்றவர்களும் வெறும் நீர் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே கணக்கில் நோயுற்றிருந்தனர். பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999ஆம் ஆண்டு வெளிவந்தபோதும், பெரியவர்களுக்குப் பயனில்லை, குழந்தைகளிடம் மட்டும் சிறிதளவு பயன் இருக்கலாம் என்பதே தீர்ப்பு. தாங்கள் ஆண்டுக்கணக்காக நாடெங்கும் குத்திவந்த ஊசிக்கு எதிராகவே, நம் நாட்டு விஞ்ஞானிகள் தங்கள் கையால் அந்தப் பூஜ்யத்தை எழுதி உலகுக்குக் காட்டினார்கள். அது எளிய காரியம் அன்று.

ஏன் இந்தப் பூஜ்யம்? இங்கேதான் நம் தாயாதிகள் மேடைக்கு வருகிறார்கள்.

ஊசி போடுவதற்கு முன் எல்லோருக்கும் இரண்டு தோல் சோதனைகள் செய்திருந்தார்கள். ஒன்று, காசக் கிருமியின் சத்து. மற்றொன்று, நான் முன்பே சொன்ன பாட்டிக் கிருமியின் சத்து. ஒரு கிருமியோடு உடல் முன்பே பழகியிருந்தால், அதன் சத்தைத் தோலில் செலுத்தியதும் அந்த இடம் தடிக்கும். செங்கற்பட்டுக் கிராமங்களில் பாட்டிக் கிருமியின் சத்துக்குப் பத்து வயதைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோருடைய கை தடித்தது. அதாவது, பள்ளிப் பருவம் முடிவதற்குள் ஏறக்குறைய ஊர் முழுவதும், நோய் ஏதும் இல்லாமலே, இந்தத் தாயாதிகளோடு பழகிவிட்டிருந்தது. சேற்றில் விளையாடி, குளத்தில் குளித்து, புழுதியைச் சுவாசித்து வந்த பழக்கம். அமெரிக்க அறிஞர் பாமரும் அவருடைய தோழர் லாங்கும் சீமை எலிகளில் செய்த ஆராய்ச்சியை 1966ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார்கள். தாயாதிக் கிருமிகள் முன்பே தொற்றிய எலிக்கு அவற்றாலேயே ஓரளவு காப்பு ஏற்பட்டுவிடுகிறது, அதன்மேல் பி.ஸி.ஜி. குத்தினால் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை. முக்கால் பங்கு நிறைந்த குடத்தில் ஒரு செம்பு நீர் ஊற்றினால் வித்தியாசம் தெரியுமா? இங்கிலாந்துப் பிள்ளைகளின் குடமோ வெறுங்குடம்.

வேறு சிலர் இன்னொரு விளக்கம் சொன்னார்கள். பி.ஸி.ஜி. உயிருள்ள கிருமி, உடலில் சில காலம் பெருகினால்தான் அது காப்பளிக்கும். தாயாதிகளோடு பழகிய உடல் அதையும் பழைய பகைவன் என்று கண்டு, பெருகுமுன் அழித்துவிடுகிறது. இவ்விரண்டில் எது சரி என்பதில் இன்னும் வழக்கு உண்டு; இரண்டும் ஓரளவு சரியாக இருக்கலாம்.

பிறகு சென்னை ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கிராமங்களுக்கே திரும்பிச் சென்று மண்ணையும் நீரையும் வீட்டுத் தூசியையும் அள்ளிவந்து வளர்த்துப் பார்த்தார்கள். 1994ஆம் ஆண்டு வெளியான அந்த ஆராய்ச்சியில், எடுத்த இடங்களிலெல்லாம் தாயாதிகள் கிடைத்தன. மக்களின் சளியிலும் இவை கிடைத்ததை அதற்கு முன்பே கண்டிருந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில், உலகத்துச் சோதனைகள் பலவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஊசியின் பலன் குறைகிறது என்று காட்டினார்கள். 2002ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு இளைஞரையும் இங்கிலாந்து இளைஞரையும் ஒப்பிட்ட ஆராய்ச்சியும் இதே திசையைக் காட்டிற்று. ஆயினும் தாயாதிகள் மேல் மட்டும் பழி முழுவதையும் சுமத்துவது நியாயமாகாது. தென்னிந்தியக் காசக் கிருமிகளில் பல வீரியம் குறைந்த தனி வகை என்பது அறுபதுகளிலேயே சென்னையில் அறியப்பட்டது. மீண்டும் மீண்டும் தொற்றும் ஊரில் ஒருமுறை ஏற்படும் காப்பு எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியும் இருக்கிறது.

பூஜ்யம் என்று கண்டபின் ஊசியை ஏன் நிறுத்தவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். செங்கற்பட்டுச் சோதனை முக்கியமாக அளந்தது பெரியவர்களின் நுரையீரல் நோயை. பச்சிளங் குழந்தையின் மூளையுறையைத் தாக்கும் காசத்தையும், உடலெங்கும் தினையளவாய்ப் பரவும் காசத்தையும் இந்த ஊசி தடுக்கிறது என்பதற்கு வேறு சான்றுகள் இருந்தன. 1980ஆம் ஆண்டு கூடிய நிபுணர் குழுக்களும் குழந்தைகளுக்குத் தொடரலாம் என்றே சொல்லின. ஆகையால்தான் இன்று பிறந்தவுடன் போடுகிறோம். அந்தக் குழந்தை இன்னும் மண்ணில் தவழவில்லை, வாய்க்காலில் இறங்கவில்லை. அதன் குடம் வெறுங்குடம்.

இதுவரை தாயாதிகளை, நம் உடலோடு பழகிப் போகும் அயலார் போலப் பேசினேன். பெரும்பாலோருக்கு அவை அப்படித்தான். குற்றால அருவியில் நிற்பவர்கள் அஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் நுரையீரல் முன்பே புண்பட்டிருந்தால் அவை குடியேறிவிடுகின்றன. பழைய காசம் விட்டுச்சென்ற குழிகள், விரிந்து தொங்கும் மூச்சுக்குழாய்கள், புகையாலும் கல்தூசியாலும் நலிந்த நெஞ்சு ஆகியவை அவற்றுக்கு ஏற்ற இடங்கள். காசம் மிகுந்த நாட்டில் காசத்தின் வடுவும் மிகுதி; வடு மிகுந்தால் தாயாதிக்கு இடமும் மிகுதி. எண்பதுகளில் எய்ட்ஸ் நோய் வந்தபோது எதிர்ப்புச் சக்தி இழந்தவர்களின் உடல் முழுவதும் இவை பரவின. நம் நாட்டில், சரியாகக் கொதிக்க வைக்காத கருவிகளாலும் ஊசிகளாலும், அறுவைப் புண்கள் மாதக்கணக்கில் ஆறாமல் சீழ் கட்டுவதற்கும் இக்குலத்தில் வேகமாக வளரும் சில இனங்களே காரணம். குளோரின் கலந்த நீரிலும் இவை எளிதில் சாவதில்லை. குழாயின் உட்புறத்து வழுவழுப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன.

சிகிச்சை கடினம். ஐஸோநியாஸிட் போன்ற காச மருந்துகளுக்கு இவற்றில் பல அசைவதில்லை. கான்ஸாஸில் கண்ட மஞ்சள் கிருமி ஓரளவு பணிகிறது. பாட்டிக் கிருமியின் கூட்டத்துக்குத் தொண்ணூறுகளில் வந்த கிளாரித்ரோமைஸின், அஸித்ரோமைஸின் ஆகியவற்றில் ஒன்றை முதன்மையாக வைத்து, எதாம்பூட்டாலும் ரிஃபாம்பிஸினும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சளியில் கிருமி மறைந்த நாளிலிருந்து மேலும் ஓராண்டு கொடுக்கவேண்டும். முற்றியவர்களுக்கு அமிகாஸின் ஊசியும் தேவைப்படும். ஆப்ஸெஸஸ் என்னும் இனம் வந்துவிட்டால் மருத்துவர்களே தயங்குகிறார்கள். இன்னொரு சிக்கல், சளியில் ஒருமுறை தாயாதி கண்டால் மட்டும் நோய் என்று சொல்லிவிட முடியாது. குடித்த நீரிலிருந்தும் வந்திருக்கலாம். தனித்தனியே எடுத்த சளியில் இரண்டு முறையேனும் அதே இனம் வளரவேண்டும். அறிகுறியும் நிழற்படமும் ஒத்துவர வேண்டும். சிலருக்கு மருந்தே கொடாமல் கவனித்து வந்தாலும் போதும். ஆகவே, இங்கே அவசரமும் தவறு, அலட்சியமும் தவறு.

நம் ஊர்களில் தடுமாற்றம் நேர்வது முதற்படியில். கண்ணாடிச் சில்லில் சிவப்புக் கோல் தெரிந்தால் அது காசம் என்று கொள்வது நூற்றுக்குத் தொண்ணூறு சமயம் சரியாகவே இருக்கும். ஆகையால் மீதிப் பேர் மறைந்துவிடுகிறார்கள். இப்பொழுது மாவட்ட ஆஸ்பத்திரிகளில் கிருமியின் மரபணுவைத் தேடும் இயந்திரம் இருக்கிறது. அது காசக் கிருமியை மட்டுமே அறியும். சில்லில் கோல் தெரிந்து, இயந்திரம் 'இல்லை' என்று சொன்னால், அந்த முரண்பாட்டையே துப்பாகக் கொண்டு சளியை வளர்க்க அனுப்பவேண்டும். இயந்திரம் பிழை செய்தது என்று சொல்லிக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டால், நோயாளி அடுத்த ஆறு மாதத்துக்கு வேண்டாத மருந்தை விழுங்குவார். ஆச்சிக்கு நேர்ந்ததும் இதுவே.

ஆச்சிக்கு உண்மை தெரிந்தபோது முதலில் மகிழ்ச்சி தந்தது வேறொரு செய்தி. இந்த நோய் பொதுவாக மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை என்று மருத்துவர் சொன்னார். அன்று மாலையே தனித் தம்ளரை மருமகள் பழைய இடத்தில் வைத்தாள். மருந்து ஒன்றரை ஆண்டு நடந்தது. வயிற்றைப் புரட்டிற்று, காது சற்று மந்தமாயிற்று. ஆனால் இருமல் அடங்கி, சளி தெளிந்தது. "வாய்க்காலில் குளிப்பதை விட்டுவிடட்டுமா?" என்று மருத்துவரிடம் கேட்டாராம். "விறகடுப்பையும் பீடித்தூளையும் விடுங்கள் ஆச்சி, வாய்க்காலை அப்புறம் பார்க்கலாம்" என்றாராம் அவர். ஆச்சி அடுப்பை மாற்றினார். பீடித் தட்டை மட்டும் திண்ணையின் மறு ஓரத்துக்கு, காற்று அடிக்கும் பக்கமாக, நகர்த்தி வைத்துக்கொண்டார்.